‘கோர்டினேஷன்’: பதாகையில் எந்தத் தமிழை எழுதுவது?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தின் வாசலில் கட்டுவதற்கு மும்மொழிப் பதாகை ஒன்று தேவைப்பட்டது. வெள்ளத்தில் அகப்பட்டவர்களுக்கென்று வந்துசேரும் உலர் உணவு, உடுப்பு, மருந்து எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து, எங்கே எவ்வளவு போகவேண்டும் என்று பிரித்து அனுப்பும் இடம் அது. சிங்களத்துக்கு யாரும் யோசிக்கவில்லை. ‘சம்பந்தீகரண’ என்று உடனே எழுதியாயிற்று. ஆங்கிலத்தில் ‘கோர்டினேஷன்’. தமிழுக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது. ஓய்வுபெற்ற நிர்வாக உத்தியோகத்தர் ஒருவர் ‘இணைப்பு’ என்றார். சென்னையில் படித்துவிட்டு வந்த பிள்ளை ‘ஒருங்கிணைப்பு’ என்றாள். விஞ்ஞான ஆசிரியை ஒருவர் ‘இயைபாக்கம்’ என்றார். பொதி கட்டிக்கொண்டிருந்த பெடியன்கள், “கோர்டினேஷன் எண்டே தமிழில எழுதுங்கோ அண்ணை, எல்லாருக்கும் விளங்கும்” என்றார்கள். பின்னேரம் 4 மணிக்குள் அச்சுக்கடைக்குக் கொடுத்தாக வேண்டும்.

அன்றைக்கு அவசரத்தில் எடுத்த முடிவை இப்போது ஆறுதலாக எழுதிப் பார்க்கிறேன். கொழும்பில் அலுவலகத் தமிழ் எழுதுகிறவர்கள், சங்கங்களுக்கு அறிவித்தல் தயாரிக்கிறவர்கள், மும்மொழிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தச் சொல் ஒருநாள் முன்னால் வந்து நிற்கும்.

முதலில் பொருள். அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் இருப்பது லத்தீனின் ‘ஓர்டோ’. வரிசை, ஒழுங்கு, தரம் என்று அதற்குப் பொருள். அதன் முன்னால் ‘சேர்ந்து’ என்ற முன்னொட்டு. ஆகவே ஒரே வரிசையில், ஒரே தரத்தில் நிறுத்துவது என்பதுதான் அடிப்படை. ஆங்கில இலக்கணத்தில் சமதரமாக நிற்கும் இரண்டு வாக்கியங்களைச் சேர்ப்பதற்கு இந்தப் பெயர்தான். ஒன்றை மற்றதன் கீழே வைத்தால் பெயர் மாறிவிடும். தனித்தனியாக இருப்பவை தனித்தனியாகவே இருந்துகொண்டு, ஒன்றின் அசைவை மற்றது அறிந்து நடக்க வேண்டும். அவை கரைந்து ஒன்றாகிவிட்டால் அங்கே ஒருங்கிணைக்க எதுவும் மிஞ்சாது.

ஒத்துழைப்பு வேறு, இது வேறு. 2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, கடுவலைப் பக்கங்கள் மூழ்கியபோது அதைக் கண்ணால் கண்டேன். ஒரு ஒழுங்கைக்கு மத்தியானத்துக்குள் மூன்று இடங்களிலிருந்து சோற்றுப் பொதி வந்தது. நனைந்த வீட்டுப் படியில் வைத்த இடத்திலேயே பொதிகள் பழுதாகின. இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தவர்கள் இரவு வரைக்கும் பிஸ்கட்டோடு இருந்தார்கள். கொடுத்தவர்கள் எல்லோரும் மனதாரக் கொடுத்தவர்கள், கேட்டால் இன்னும் கொடுத்திருப்பார்கள். ஒத்துழைப்புக்குக் குறையே இல்லை. யார் எந்த ஒழுங்கைக்குப் போனார்கள் என்று ஒருவருக்கொருவர் தெரியாமல் போனதுதான் குறை. அந்தத் தெரிதலுக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதே என் கேள்வி. இப்படிப் பார்த்தால் அது அகராதிக்காரர்களுக்கு மட்டும் உரிய கேள்வியாக எனக்குத் தோன்றவில்லை.

‘இணைப்பு’ என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன், கொழும்புக்கு அதுதான் பழகிய சொல். அமைச்சரின் ‘இணைப்புச் செயலாளர்’, செயற்றிட்ட ‘இணைப்பாளர்’ என்று பத்திரிகைகளில் நாளும் பார்க்கிறோம். சிங்களச் சொல்லின் உள்ளே ‘சம்பந்தம்’ இருக்கிறது, சம்பந்தப்படுத்துவது என்பதே அதன் நேர்ப்பொருள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் ‘இணைப்பு’ தானாகவே கைக்கு வரும். இலங்கை அலுவலகத் தமிழில் இந்தச் சொல் இவ்வளவு ஊன்றியதற்கு அந்த அயல்வாசம் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ‘இணை’ நல்ல வேர். சோடி, நிகர் என்ற இரண்டு பொருளும் அதில் இருக்கின்றன. ‘இணையற்றவர்’ என்றால் நிகரில்லாதவர். ‘கண்ணொடு கண்இணை நோக்கொக்கின்’ என்று 1100ஆவது குறள் சொல்லும்போது இரண்டு சோடிக் கண்கள் சமமாக நின்று ஒன்றையொன்று அறிகின்றன, வாய்ச்சொல்லே தேவைப்படவில்லை. லத்தீன் வேரின் சமதரத்துக்கு இதைவிடக் கிட்டிய தமிழ் வேர் எனக்குத் தெரியாது.

ஆனால் வேர் நல்லதாக இருப்பதால் சொல் எல்லா இடத்திலும் வேலை செய்துவிடாது. சில வருடங்களுக்கு முன் ஒரு பொது அலுவலகத்தில் ‘இணைப்புப் பிரிவு’ என்று எழுதிய கதவுக்கு வெளியே காத்திருந்தேன். வயதான அம்மா ஒருவர் ஒரு கோவையோடு வந்து, “தம்பி, புதுத் தண்ணி கனெக்‌ஷனுக்கு போம் இங்கதானே தாறது?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழை ஏதும் இல்லை. நீர் இணைப்பு, மின் இணைப்பு, தொலைபேசி இணைப்பு என்று கட்டணச் சிட்டையில் அதே சொல்லை மாதாமாதம் வாசிப்பவர். கடிதத்தின் கீழே ‘இணைப்பு 1’ என்றால் கூட அனுப்பிய பத்திரம். மின்னஞ்சலிலும் அப்படியே. அந்த அம்மா மூன்று மாடி ஏறி வந்திருந்தார். திரும்பி இறங்கவும் வேண்டியிருந்தது. ஒரு பெயர்ப்பலகைச் சொல் மனிதரை அலைக்கழிக்கும் என்று அன்றைக்கு உணர்ந்தேன்.

இன்னொரு பாரமும் அதன்மேல் இருக்கிறது. எங்கள் அரசியல் பேச்சில் ‘இணைப்பு’ என்றால் வடக்கு கிழக்கு இணைப்புத்தான் முதலில் காதில் விழும். 1988இல் இரண்டு மாகாணங்களும் ஒன்றாக்கப்பட்டதும், 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்ததும், 2007இன் தொடக்கத்தோடு அவை பிரிந்ததும் இந்த ஒரு சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருபவை. அங்கே இணைப்பு என்றால் இரண்டு ஒன்றாவது. ஒருங்கிணைக்கும் வேலைக்கோ இரண்டும் இரண்டாக இருக்க வேண்டும். ஒரே நாட்டில், ஒரே பத்திரிகைப் பக்கத்தில், ஒரு சொல் இந்த இரண்டையும் சுமக்கிறது.

ஆளைக் குறிக்கும்போது மட்டும் இந்தக் குழப்பங்கள் எல்லாம் ஓய்ந்துவிடுகின்றன. ‘இணைப்பாளர்’ என்று சட்டையில் குத்தியிருக்கும் ஒருவரிடம் யாரும் தண்ணீர்க் குழாய் கேட்கப்போவதில்லை. 6 எழுத்து, சின்ன அட்டையில் பெரிதாக அச்சிடலாம், தூரத்திலிருந்து வாசிக்கலாம். ‘ஒருங்கிணைப்பாளர்’ 9 எழுத்து.

‘ஒருங்கிணைப்பு’ தமிழ்நாட்டில் நிலைத்த சொல், இங்கேயும் புதிதல்ல. மாவட்டச் செயலகங்களில் கூடுவது ‘மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு’. அதே கூட்டத்துக்கு வந்து ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் ‘இணைப்புச் செயலாளர்’. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே மேசையில் இரண்டு தமிழ். தமிழ்நாட்டில் 2017இல் அ.இ.அ.தி.மு.க. தலைமைக்கு ‘ஒருங்கிணைப்பாளர்’, ‘இணை ஒருங்கிணைப்பாளர்’ என்று இரு பதவிகளை உண்டாக்கியபோது அந்தச் சொல் தொலைக்காட்சி வழியாகக் கொழும்பு வரவேற்பறைகளுக்கும் வந்து சேர்ந்தது. ஓ. பன்னீர்செல்வமும் எடப்பாடி பழனிசாமியும் வகித்த அந்தப் பதவிகள் 2022இல் நீக்கப்பட்டன. ‘இணை ஒருங்கிணைப்பாளர்’ என்பதைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். ‘இணை’ இரண்டு தரம் வருகிறது, முதலாவது இணைக்கு ஒரு பொருள், இரண்டாவதற்கு வேறொரு பொருள்.

இதில் என்னை உறுத்துவது ‘ஒருங்கு’. எல்லாம் ஒருசேர, ஒன்றாக என்பது அதன் பொருள். 343ஆவது குறளின் கடைசிச் சொல் அதுதான்: ‘வேண்டிய எல்லாம் ஒருங்கு’. விரும்பியதை ஒவ்வொன்றாக விடாமல் ஒட்டுமொத்தமாக விட வேண்டும் என்கிறார் வள்ளுவர். அந்த ஒட்டுமொத்தம் ‘ஒருங்கிணைப்பு’க்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் ‘ஒருங்கிணைந்த பண்ணை’ என்று எழுதும்போது ஆடு, மாடு, பயிர், மீன் எல்லாம் ஒரே பண்ணைக்குள் ஒன்றாகிவிட்ட படம் வருகிறது. தமிழ்நாட்டு வழக்கில் இந்த இரண்டாவது வேலையையும் இந்தச் சொல்லே பார்க்கிறது. எங்கள் நாட்டில் ஒரு சின்ன வாய்ப்பு இருக்கிறது: ஒன்றாக்குதலுக்கு ‘ஒருமைப்பாடு’ என்று அமைச்சின் பெயரிலேயே வைத்திருக்கிறோம். அந்தப் பாரத்தை ‘ஒருமைப்பாடு’ தாங்கிக்கொண்டால் ‘ஒருங்கிணைப்பு’ இந்த வேலைக்கு மட்டும் என்று மிஞ்சும். சிறுபான்மையாக வாழ்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு சின்ன விஷயம் அல்ல. சேர்ந்து வேலை செய்வோம் என்று ஒருவர் சொல்லும்போது, எங்களைக் கரைக்கச் சொல்கிறாரா, பக்கத்தில் நிற்கச் சொல்கிறாரா என்று கேட்டுத்தான் பதில் சொல்லிப் பழகியிருக்கிறோம்.

எழுத்துப்பிழை ஆபத்து இரண்டு சொல்லுக்கும் பொது. தமிழ் வாசிக்கத் தெரியாதவர் தட்டெழுதும் கடைகளில் ‘ணை’ மிக இலேசாக ‘னை’ ஆகிவிடும். பழந்தமிழில் ‘இனைதல்’ என்றால் வருந்துதல். உதவிக்கு ஓடிவருகிறவர் அந்தப் பலகையின் கீழேதான் நிற்கப்போகிறார். எந்தச் சொல்லைத் தெரிந்தாலும் அச்சுக்கு முன் ஒரு தமிழர் போய்ப் பார்க்க வேண்டும், வட்ஸ்அப்பில் ‘ஓகே’ போட்டுவிட்டு இருக்கக்கூடாது.

‘இயைபாக்கம்’ சொன்ன ஆசிரியைக்கு நான் மனதளவில் கடமைப்பட்டிருக்கிறேன். எங்கள் விஞ்ஞானப் பாடநூலில் மூளையம் (பெருமூளை), மூளி (சிறுமூளை), நரம்பு, ஓமோன் எல்லாம் வரும் அலகில் படித்த சொல் அது. நடக்கும்போது எந்தத் தசை எப்போது சுருங்க வேண்டும் என்று மூளி சரிபார்ப்பது இயைபாக்கம். காலும் கையும் கண்ணும் தங்கள் தங்கள் இடத்திலேயே இருக்கின்றன, ஒன்றின் செய்தி மற்றதற்குப் போகிறது. பொருளில் இதைவிடச் சரியான சொல் கிடையாது. யாப்பிலே ‘இயைபு’ என்றால் அடிகளின் இறுதி ஒன்றிவருவது. அடிகள் வேறுவேறாகவே நிற்கும், முடிவில் மட்டும் ஒன்றையொன்று கேட்டு ஒலிக்கும். இவ்வளவு அழகு இருந்தும் மண்டப வாசலில் இதை எழுதினால் படித்துவிட்டு நிற்பவர் தொகை மிகக் குறைவாக இருக்கும். கிருலப்பனையில் இருந்து அரிசிப் பையோடு வருகிறவருக்கு அது மருத்துவமனைப் பிரிவு மாதிரித் தெரியும். உடலுக்கும் இயந்திரத்துக்கும் இந்தச் சொல்லைத் துணிந்து பாவிக்கலாம். பிள்ளை பந்தைப் பிடிக்கத் தடுமாறினால் ‘கண்ணுக்கும் கைக்கும் இயைபு போதாது’ என்று எழுதுவதை எந்த வாசகரும் புரிந்துகொள்வார்.

‘ஒத்திசைவு’ம் அன்றைக்கு ஒருவர் வாயில் வந்தது. கைப்பேசியும் கணினியும் ஒரே தரவைக் காட்டச் செய்வதற்கு அது போய்விட்டது, அங்கேயே இருக்கட்டும். இரசாயனத்தையும் கணிதத்தையும் இந்தத் தேடலுக்குள் இழுக்கவேண்டாம். அங்கே ஒரு அணு இரண்டு இலத்திரனையும் தானே கொடுக்கும் பிணைப்புக்கு ‘ஈதல்’ என்று பெயர் வைத்தவர்கள் நடப்பதைப் பார்த்து வைத்திருக்கிறார்கள், அது அந்தத் துறைக்குச் சரி. வரைபடத்தில் ஒரு புள்ளியின் இடத்தைச் சொல்ல எங்களுக்கு ‘ஆள்கூறு’, தமிழ்நாட்டுக்கு ‘ஆயத்தொலை’. தாய்ச்சொல் ஒன்றாக இருந்தாலும் பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள்.

‘கோர்டினேஷன்’ என்றே எழுதுவது பற்றிப் பெடியன்கள் சொன்னதை நான் தட்டிக்கழிக்கவில்லை. பேச்சில் நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் கேட்டுப் பழகிய ஆங்கிலச் சொல்லை எழுத்துக் கூட்டி வாசிப்பது கடினம். அந்தச் சொல்லை ஏற்கனவே தெரிந்தவருக்கு மட்டுமே அது உதவும். அவருக்கோ மேலே ஆங்கிலத்திலேயே இருக்கிறது. தமிழ் வரி யாருக்காக எழுதப்படுகிறது? மற்ற இரண்டு வரியும் வாசிக்க முடியாதவருக்காக. ஹட்டனில் இருந்து வந்து கடையில் நிற்கும் பிள்ளை, தெமட்டகொடையில் இருக்கும் உம்மா, கொட்டாஞ்சேனையில் வாடகை அறையில் இருக்கும் முதியவர். இவர்களைக் கண்முன் நிறுத்தியதும் அந்தத் தெரிவு விழுந்துவிட்டது.

பேச்சில் நாங்கள் இந்த வேலையை எப்படிச் சொல்கிறோம்? ‘எல்லாரோடையும் கதைச்சு ஒழுங்கு பண்ணியாச்சு.’ கலியாண வீட்டில் வாகனம், சமையல், மண்டபம் எல்லாவற்றையும் ஒருவர் அப்படித்தான் ‘ஒழுங்கு’ பண்ணுகிறார். ‘ஒழுங்கு’ என்றால் வரிசை, வரிசையாக வீடுகள் நிற்கும் சின்னத் தெரு எங்களுக்கு ‘ஒழுங்கை’. லத்தீன் வேரின் அருகில் வந்து உட்காரக்கூடிய சொல் எங்கள் தெருப் பெயர்ப் பலகையிலேயே இருக்கிறது. இதைப் பெயராக்கப் பார்த்தேன், ‘ஒழுங்கமைப்பு’ என்றால் அமைப்பாளர் பக்கம் சாய்கிறது, ‘ஒழுங்குபடுத்தல்’ என்றால் சட்டம் போடுகிற சாயல் வருகிறது. பெயராக்கினால் கெடுகிறது, வினையாக விட்டால் உயிரோடு இருக்கிறது.

இதிலிருந்துதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. தமிழில் இந்தக் கருத்து முதன்மையாக ஒரு பெயர்ச்சொல்லில் இருக்கவில்லை, ‘உம்’ என்ற இடைச்சொல்லில் இருக்கிறது. ‘அம்மாவும் அப்பாவும் வந்தார்கள்’ என்கிறோம். இருவருக்கும் ஆளுக்கொரு ‘உம்’. ஒருவர்மேல் ஏற்றி மற்றவரை விட்டுவிட முடியாது. இதை எண்ணும்மை என்கிறது இலக்கணம். ‘ஒடு’ அப்படியல்ல. ஒரே வினையில் இருவர் சேரும்போது ‘ஒடு’ உயர்ந்தவரின் பின்னால் வரும் என்று தொல்காப்பியம் விதி செய்கிறது: ‘ஒருவினை ஒடுச்சொல் உயர்பின் வழித்தே’. ‘அமைச்சரோடு அதிகாரிகள் வந்தார்கள்’ என்றால் யார் பெரியவர் என்று உருபே சொல்லிவிடும். ஆகவே ‘திணைக்களத்தோடு சேர்ந்து சங்கம்’ என்று எழுதுவதற்கும் ‘திணைக்களமும் சங்கமும்’ என்று எழுதுவதற்கும் இடையில் அதிகார வேறுபாடு இருக்கிறது. ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம்.

‘உம்’மிலும் ஒரு நுணுக்கம். எண்ணும்மை இரு பக்கமும் வரும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் அது எச்சவும்மை, முன்னால் ஒன்று முடிந்துபோய்விட்டது, இதுவும் அதோடு என்று பொருள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் மொழிப் பிரிவில் செய்த மாற்றம் இந்த வகை: அரசகரும மொழி சிங்களம் என்ற வரி அப்படியே இருக்க, தமிழும் ஓர் அரசகரும மொழி என்ற வரி அடுத்ததாகச் சேர்ந்தது. ‘சிங்களமும் தமிழும்’ என்று ஒரே வரியில் இரண்டு ‘உம்’ வரவில்லை. அந்த ஒற்றை ‘உம்’மை, சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற 1956ஆம் ஆண்டுச் சட்டத்தை அனுபவித்த ஒரு தலைமுறை எவ்வளவு எதிர்பார்ப்போடு வாசித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வரிசையில் சேர்த்துக்கொண்டதும் வரிசையில் சமமாக நிறுத்தியதும் ஒன்றல்ல என்பதை எங்கள் இலக்கணம் ஒரு ஒட்டில் காட்டிவிடுகிறது.

வினைகளுக்கு ‘உம்’ இப்படி வராது. ‘வந்தானும் போனானும்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘வந்து போனான்’ என்கிறோம். முதல் வினை எச்சமாகி அடுத்ததுக்கு வழிவிடுகிறது. ஆட்கள் சமம், வேலைகளுக்கு முன்பின் உண்டு. வெள்ளத்தில் நடப்பதும் அதுதானே? வளிமண்டலவியல் திணைக்களம் மழையைச் சொல்ல, நீர்ப்பாசனத் திணைக்களம் நாகலகம் வீதியில் ஆற்று மட்டத்தை அளந்து சொல்ல, 2005இன் 13ஆம் இலக்கச் சட்டத்தோடு வந்த அனர்த்த முகாமைத்துவ நிலையம் அதை எடுத்து அறிவிக்க, கிராம உத்தியோகத்தர் வாசலுக்கு வந்து எழுப்ப வேண்டும். எந்தத் திணைக்களமும் மற்றதற்குள் கரைய வேண்டியதில்லை. ஆனால் அளக்க முன் அறிவிக்க முடியாது.

இனி அன்றைய முடிவு. ஆளுக்கு ‘இணைப்பாளர்’ என்று வைத்தோம். ஓய்வுபெற்றவர் சொன்னதே சரி, காரணம் மேலே எழுதியிருக்கிறேன். இடத்துக்கும் வேலைக்கும் ‘ஒருங்கிணைப்பு’. ‘ஒருங்கு’ பற்றிய என் உறுத்தல் போகவில்லை. ஆனாலும் கட்டணச் சிட்டையோடு குழம்பாத, வடக்கிலும் மலையகத்திலும் கொழும்பிலும் ஏற்கனவே குழுக்களின் பெயரில் இருக்கும் சொல் அது ஒன்றுதான். அதையும் தனியாக நிற்கவிடவில்லை. எதன் ஒருங்கிணைப்பு, யாருக்கு என்று சொல்லாத பலகை கதவை மட்டும்தான் காட்டும். ஆகவே ‘வெள்ள நிவாரண ஒருங்கிணைப்பு’ என்று சிறிய எழுத்தில் மேலே போட்டு, பெரிய எழுத்தை வேறொரு வரிக்குக் கொடுத்தோம்: ‘உதவி தருவோரும் உதவி தேடுவோரும் இங்கே பெயர் பதியுங்கள்’.

அச்சுக்கடைக்கு நானே போனேன். திரையில் ‘ஒருங்கினைப்பு’ என்றுதான் இருந்தது. சுழியைக் கூட்டச் சொல்லித் திருத்திய பிறகே அந்த இடத்தை விட்டு நகர்ந்தேன். பதாகையைக் கட்டி அரை மணித்தியாலம் இருக்கும், தெஹிவளையில் இருந்து ஒரு பெரியவர் முச்சக்கர வண்டியில் நான்கு மூட்டை அரிசியோடு வந்து இறங்கினார். அண்ணாந்து பார்த்து வாய்விட்டு வாசித்தார், மெதுவாக, முழு வரியையும். பிறகு என்னைப் பார்த்து, “தருவோர் எந்தப் பக்கம் மகன்?” என்று கேட்டார். இடப்பக்க மேசையைக் காட்டினேன்.